சாத்தியம் என்ற சொல்

நாவல் எழுதுவதைவிட அதற்குத் தலைப்பு வைப்பது சிரமம். கடைசி அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்த பிறகும் தலைப்பு அகப்படாமல் பதிப்பாளரைக் காக்கவைத்தவர்கள் எழுத்தாளர்களில் பலர் உண்டு. அதனால்தானோ என்னவோ, எந்தத் துறையைச் சேர்ந்த எழுத்தானாலும், தலைப்பில் ஆசிரியன் எதை ஒப்புக்கொள்கிறான், எதை மறைக்கிறான் என்று முதலில் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது கதையுமல்ல, கவிதையுமல்ல. பௌதிக விஞ்ஞானிகள் எழுதிய சில கட்டுரைகளின் தலைப்புகள். அவற்றை வைத்துக்கொண்டு பிறர் நமக்குச் சொல்லிவரும் ஒரு கதை.

1986ஆம் வருஷம் ஜெர்மானிய பௌதிகப் பத்திரிகை ஒன்றில் பெட்நார்ட்ஸ், முல்லர் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச்சுக்குப் பக்கத்தில் ரூஷ்லிகான் என்ற ஊரில் உள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிச்சாலையில் வேலை பார்த்தவர்கள். பேரியம், லாந்தனம், தாமிரம், ஆக்ஸிஜன் இந்த நான்கும் சேர்ந்த ஒரு பொருளில் உயர்ந்த உஷ்ணநிலையில் மீக்கடத்தல் இருப்பது ‘சாத்தியம்’ என்பது தலைப்பு. அடுத்த வருஷமே, 1987இல், அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்துவிட்டது. வேலை வெளியாகி ஒரே வருஷத்தில் அந்தப் பரிசு வந்துசேருவது அபூர்வம். அத்தனை பெரிய காரியத்தின் தலைப்பில் முதல் சொல்லாக நிற்பது ‘சாத்தியமான’ என்ற சொல். இந்தக் கதையைத் திருப்பிச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக அந்தச் சொல்லைத்தான் எடுத்தெறிந்துவிடுகிறார்கள். எடுத்தெறிந்த இடத்திலிருந்து கதை கெட்டுப்போகிறது என்பது என் கட்சி.

கல்லூரியில் பௌதிகத்தோடு எனக்கிருந்த உறவு இரண்டு வருஷத்தோடு முடிந்தது. ஆகவே சூத்திரங்களைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். ஹாலந்து தேசத்தில் லைடன் சர்வகலாசாலையில் கேமர்லிங் ஓன்ஸ் என்பவர் 1908இல் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். அதைக் கொண்டு எந்த உலோகத்தையும் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிவரை குளிரவைக்கலாம். 1911 ஏப்ரலில் பாதரசத்தை அப்படிக் குளிரவைத்து அதில் மின்சாரம் ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். விஞ்ஞானிகளின் கணக்கில் 4.2 கெல்வின் என்ற இடத்தில் தடை திடீரென்று மறைந்துவிட்டது. குறையவில்லை, மறைந்துவிட்டது. ஒரு வளையத்தில் மின்சாரத்தை ஓடவிட்டால் வருஷக்கணக்கில் தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத்தான் மீக்கடத்தல் என்கிறோம். அளவெடுத்த வேலையில் முக்கிய பங்கு ஹோல்ஸ்ட் என்ற இளைஞருடையது. கட்டுரையில் பெயர் ஓன்ஸ் ஒருவருடையது மட்டும்தான். கதையில் ஒரு பாத்திரம் இப்படி முதல் அத்தியாயத்திலேயே காணாமற்போவது புதிதல்ல.

நிகழ்ச்சி 1911இல் நடந்தது. ஏன் என்ற கேள்விக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட விடை வந்தது 1957இல். இடையில் 46 வருஷம். ஐன்ஸ்டீன், போர், ஹைஸன்பர்க், லாண்டாவ், ஃபெயின்மன் ஆகிய பெரிய பெரிய மூளைகளெல்லாம் முட்டிப் பார்த்தும் முழு விடை கிடைக்காத கேள்வி இது. துப்பு ஒன்று கிடைத்தது 1950இல். நல்ல துப்பறியும் நாவலில் வருகிற மாதிரியான துப்பு; சின்னது, ஆனால் தப்பிக்க முடியாதது. பாதரச அணுக்களில் கனத்தவையும் உண்டு, லேசானவையும் உண்டு. ரசாயனத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, எடையில்தான் வித்தியாசம். சராசரி எடை 199.5 உள்ள பாதரசம் 4.185 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. 203.4 எடையுள்ளது 4.146இல் ஆயிற்று. ஒரு டிகிரியில் நூறில் நாலு பங்கு வித்தியாசம். அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மின்சாரத்தைச் சுமந்து ஓடுவது எலெக்ட்ரான்கள். அணுவின் உட்கரு கனமா லேசா என்பது ஓடுகிற எலெக்ட்ரானுக்கு என்ன அக்கறை? அக்கறை இருக்கிறது என்றால், உட்கருக்கள் அசைகின்றன, அந்த அசைவுக்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அர்த்தம். உலோகத்தில் வரிசை வரிசையாக நிற்கும் அணுக்களின் அந்த அதிர்வைத்தான் ஃபோனான் என்று பெயரிட்டிருக்கிறார்கள். சோதனை முடிவுகள் கைக்கு வராமலே ஃப்ரோலிச் என்பவர் அதே வருஷம் தனியாக இந்த உறவை யோசித்து எழுதியிருந்தார்.

1957இல் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடையை எழுதினார்கள். ஒன்றையொன்று விரட்டும் இரண்டு எலெக்ட்ரான்கள் அணுக்களின் அதிர்வு மூலம் ஜோடி சேருகின்றன. சேர்ந்த ஜோடிகளெல்லாம் ஒரே கட்டுக்கோப்பில் நகருவதால் தடை என்ற பேச்சே இல்லாமற்போகிறது. இதற்கு 1972இல் நோபல் பரிசு வந்தது.

இந்த இடத்தில்தான் கதை சொல்லுகிறவர்களோடு எனக்கு முதல் சண்டை. பொதுஜனங்களுக்காக எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டு உவமைகளில் ஒன்று வந்து நிற்கும். ஒன்று மெத்தை உவமை. இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவன் படுத்தால் குழி விழுகிறது. பக்கத்தில் படுத்தவன் அந்தக் குழிக்குள் உருண்டு வருகிறான். இன்னொன்று நடன உவமை. கூட்டம் நிறைந்த மண்டபத்தில் ஜோடிகள் கைகோத்து ஆடுகிறார்கள். இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன. அழகாக இருப்பதே ஆபத்து.

மெத்தையில் இருவரும் ஒரே சமயத்தில் இருக்கிறார்கள். எலெக்ட்ரான்கள் அப்படி இருந்தால் ஜோடி சேரவே முடியாது, ஒன்றையொன்று விரட்டிவிடும். உண்மையில் நடப்பது வேறு. ஒரு எலெக்ட்ரான் அதிவேகமாக ஒரு வழியே போகிறது. அது எதிர் மின்னுள்ளது. சுற்றிலும் நிற்கும் அணுக்கள் நேர் மின்னுள்ளவை. அணுக்கள் அதன் பக்கம் சாய்கின்றன. ஆனால் அவை கனத்தவை, மெதுவானவை. அவை சாய்ந்து முடிப்பதற்குள் எலெக்ட்ரான் வெகுதூரம் போய்விடுகிறது. ஆள் போன பிறகு வழி மாத்திரம் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வுதான் பின்னால் வரும் இன்னொரு எலெக்ட்ரானை இழுக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. ஒன்று விட்டுப்போன சுவட்டில் மற்றது வருகிறது. தாமதந்தான் உறவுக்கு ஆதாரம்.

நடன உவமையும் இதே மாதிரி தவறிவிடுகிறது. அலுமினியத்தில் ஒரு ஜோடியின் இரு எலெக்ட்ரான்களுக்கும் இடையே அணுக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கலாம். ஒரு ஜோடி பரந்திருக்கும் அந்த இடத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான வேறு ஜோடிகளும் இருக்கின்றன. கைகோத்து ஆடுகிற காட்சி இதற்கு எப்படிப் பொருந்தும்? தலைமுறை இடைவெளியில் ஒருவர் போட்ட மரத்தின் நிழலில் இன்னொருவர் உட்காருகிற உறவு இதற்கு இன்னும் நெருக்கமானது. உள்ளபடியே இருக்கிற விஷயம் உவமையைவிட நயமாக இருக்கும்போது, உவமையைக் காட்டி விஷயத்தை மறைப்பது எழுத்தாளனுடைய சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். ‘எளிமையாக்குகிறோம்’ என்கிறார்கள். காதல் கதையாக்குகிறார்கள் என்பதுதான் நிஜம். இதனால் பின்னால் ஒரு நஷ்டம் வருகிறது, அதையும் சொல்கிறேன்.

1957க்குப் பிறகு கதை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது; அந்தக் காரணத்தை வைத்தே எல்லையும் குறித்துவிட்டார்கள். அணுக்களின் அதிர்வு சேர்த்துவைக்கிற ஜோடி அவ்வளவு உஷ்ணத்தைத் தாங்காது, 30 கெல்வின் பக்கத்தில் எல்லை இருக்கும் என்பது பரவலான அபிப்பிராயம். நடைமுறையும் அதற்கு ஒத்தே இருந்தது. 1973இல் நியோபியம்-ஜெர்மேனியம் கலவை ஒன்று 23 கெல்வினைத் தொட்டது. அப்புறம் 13 வருஷம் ஒரு டிகிரிகூட ஏறவில்லை.

இப்போது முல்லரிடம் திரும்பி வருவோம். எல்லை குறிக்கப்பட்ட துறையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விஞ்ஞானி ஏன் இறங்கினார்? இறங்கினவர் உலோகங்களை விட்டு, மண்பாண்டத்தைப் போன்ற ஆக்ஸைடுகளில் ஏன் தேடினார்? மின்சாரத்தைத் தடுப்பதற்குப் பயன்படும் ஜாதிப் பொருள்கள் அவை. அவருக்கு ஒரு யோசனை இருந்தது. 1937இல் யான், டெல்லர் என்ற இருவர் கண்டுசொன்ன ஒரு விளைவு உண்டு. தாமிரம் போன்ற சில அணுக்கள், தங்கள் எலெக்ட்ரான்களின் அமைப்பு காரணமாகவே, தம்மைச் சுற்றியுள்ள ஆக்ஸிஜன் கூட்டை நெளியவைத்துவிடும். அப்படிப்பட்ட பொருளில் ஒரு எலெக்ட்ரான் நகர்ந்தால் தன்னால் நெளிந்த இடத்தையும் கூடவே சுமந்துகொண்டு நகரும். அங்கே எலெக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் உள்ள பிணைப்பு மிக வலுவாக இருக்கவேண்டும். பிணைப்பு வலுவானால் மீக்கடத்தலும் உயர்ந்த உஷ்ணத்தில் கிடைக்கக்கூடும். இதுதான் யோசனை. அதாவது 1957ஆம் வருஷத்துக் கதையையே அவர் நம்பினார். அதன் எல்லையைத்தான் நம்பவில்லை.

1983இலிருந்து பெட்நார்ட்ஸும் அவரும் தேடினார்கள். முதலில் நிக்கல் சேர்ந்த ஆக்ஸைடுகள். ஒன்றும் கிடைக்கவில்லை. 1985 கடைசியில் பெட்நார்ட்ஸ் ஒரு ஃபிரெஞ்சுக் கட்டுரையைப் படித்தார். கான் நகரத்து ரசாயனிகள், ராவோ என்பவருடைய குழுவினர், பேரியம் லாந்தனம் தாமிரம் சேர்ந்த ஆக்ஸைடு ஒன்றைத் தயாரித்து அதன் மின்கடத்தும் குணத்தை அளந்திருந்தார்கள். வேறு உபயோகங்களுக்காக அளந்தார்கள். அவ்வளவு கீழே குளிரவைத்துப் பார்க்கவில்லை. பொருள் அவர்கள் கையிலேயே இருந்தது. கேள்வி அவர்களிடம் இல்லை. பெட்நார்ட்ஸ் அதைச் செய்து குளிரவைத்தார். 1986 ஜனவரியில் தடை விழுந்தது. பொருளைத் திருத்தத் திருத்த, விழத்தொடங்கும் இடம் 30 கெல்வின்வரை ஏறியது.

அப்புறம் எழுதின கட்டுரைக்குத்தான் ‘சாத்தியமான’ என்று தலைப்பு. இதை அடக்கம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மீக்கடத்தி என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று தடை மறையவேண்டும். மற்றொன்று, மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் 1933இல் கண்டது: காந்தப் புலத்தைப் பொருள் தன் உள்ளேயிருந்து வெளியே தள்ளவேண்டும். அந்தக் கட்டுரை எழுதும்போது முதல் சாட்சிதான் கையில் இருந்தது. இரண்டாவதை இன்னும் அளக்கவில்லை. கையில் ஒரு சாட்சி இருக்கும்போது எழுதவேண்டிய சொல் ‘சாத்தியம்’. இரண்டு வந்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். அது அடக்கமல்ல; கணக்கு. கொடுக்கல் வாங்கலில் யோக்கியமான மனுஷன் தன் பேரேட்டில் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். வருஷக் கடைசியில் தோக்கியோக்காரர்கள் உறுதிப்படுத்தினார்கள். 1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் வூ, சூ இருவரின் குழுக்கள் யிட்ரியம் சேர்ந்த ஆக்ஸைடில் 93 கெல்வினை எட்டிவிட்டன. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். ஹீலியத்தோடு ஒப்பிட்டால் மிக மலிவான சரக்கு அது. அந்த மார்ச்சில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் பௌதிகர்கள் விடியற்காலை மூன்று மணிவரை உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள்.

இனிமேல்தான் கதையின் அசலான திருப்பம். திருப்பிச் சொல்லுகிறவர்கள் கைவிட்டுவிடுவதும் இதைத்தான். முல்லரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எலெக்ட்ரான்-ஃபோனான் பிணைப்பு என்ற எண்ணம். பொருள் கிடைத்தவுடன் பெரும்பாலான சித்தாந்திகள் முதலில் வெளியேற்றியது அந்த எண்ணத்தைத்தான். காரணமில்லாமல் அல்ல. பழைய துப்பை இதிலும் போட்டுப் பார்த்தார்கள். யிட்ரியம் ஆக்ஸைடில் சாதாரண ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுக் கனத்த ஆக்ஸிஜனை வைத்தார்கள். பழைய கணக்குப்படி மாற்றம் சில டிகிரியாவது இருக்கவேண்டும். வந்தது ஒரு டிகிரிக்கும் குறைவு. அதோடு, இந்தப் பொருள்களின் தாய்ச்சரக்கு காந்த ஒழுங்குள்ள ஒரு மின்கடத்தாப் பொருள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விரட்டுவதுதான் இங்கே பிரதானம், அந்த விரட்டலிலிருந்தே ஜோடியும் பிறக்கிறது என்று 1987இலேயே ஆண்டர்சன் எழுதினார். 1993, 1994இல் நடந்த சோதனைகள் ஜோடியின் அலை ஒரு திசையில் கூட்டல் குறியும் அதற்குச் செங்குத்தான திசையில் கழித்தல் குறியும் கொண்டது என்று காட்டின. சாதாரண ஃபோனான் கதையில் எல்லாத் திசையும் ஒரே குறிதான்.

ஆனால் ஃபோனான் முழுக்கவும் வெளியே போய்விடவில்லை. அதே ஆக்ஸைடுகளில், மீக்கடத்தலுக்கு மிகப் பொருத்தமான கலவையை விட்டுக் குறைந்த கலவைக்கு வந்தால், கனத்த ஆக்ஸிஜனின் விளைவு பெரிதாகிவிடுகிறது. 2001இல் லான்ஸாராவும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கூட்டாளிகளும், ஒளியைப் பாய்ச்சி எலெக்ட்ரான்களை வெளியேற்றி அளந்து, பலவகை ஆக்ஸைடுகளில் எலெக்ட்ரான்களின் சக்தி வரைகோட்டில் ஒரே இடத்தில் ஒரு முடக்கு இருப்பதைக் காட்டினார்கள். ‘எங்கும் பரவிய’ வலுவான எலெக்ட்ரான்-ஃபோனான் பிணைப்புக்குச் ‘சான்று’ என்று தலைப்பு வைத்தார்கள். அந்த முடக்கு காந்த அசைவால் வந்தது என்று இன்னொரு கட்சி வாதாடியது. குறி மாறுகிற ஜோடிக்கும் சிலவகை அதிர்வுகள் உதவக்கூடும் என்பவர்களும் இருக்கிறார்கள். காந்தமும் விரட்டலுமே பிரதானம் என்பது இன்று பெரும்பான்மைக் கட்சி என்று சொல்லலாம். ஆனால் 1957இல் வந்தது போன்ற, எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை 1986ஆம் வருஷத்துப் பொருளுக்கு இன்னும் வரவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

ஆண்டர்சன் 2007இல் எழுதின ஒரு சிறு கட்டுரையை இங்கே சொல்லவேண்டும். தாமிர ஆக்ஸைடுகளில் பசை உண்டா என்று கேள்விக்குறியோடு தலைப்பு. உள்ளே ஓர் உருவகம் சொல்கிறார். குளிர்ப்பெட்டிக்குள் ஒரு மாமத யானையும் ஒரு சாதா யானையும் நிற்கின்றன. அதற்குள் ஒரு சுண்டெலியும் இருந்தால் யார் கவலைப்படுவார்கள் என்கிறார். விரட்டலும் காந்த உறவும் யானைகள், ஃபோனான் சுண்டெலி. படித்தவுடன் சிரிப்பு வருகிறது. எதிர்க்கட்சிக்காரன் வாயடைத்து நிற்கவேண்டிய அடி. ஆனால் விமர்சகன் கொஞ்சம் நிதானித்துக் கேட்கவேண்டும்: ஃபோனான் சுண்டெலி அளவுதான் என்பது உருவகத்துக்கு முன்னாலேயே நிரூபிக்கப்பட்டதா, அல்லது உருவகமே அதை நிரூபித்தது போலப் பண்ணிவிடுகிறதா? வாதத்தில் பாதி வேலையை நகைச்சுவை பார்த்துவிடுகிறது. ஆண்டர்சன் பெரிய மேதை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தலைப்பிலுள்ள கேள்விக்குறி விடை தெரிந்தவன் போட்ட கேள்விக்குறி.

இன்னொரு கேள்விக்குறி இருக்கிறது. 1968இல் ஆஷ்க்ராஃப்ட் என்பவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு: உலோக ஹைட்ரஜன், உயர்வெப்ப மீக்கடத்தியா? ஹைட்ரஜன் அணுக்கள் எல்லாவற்றிலும் லேசானவை. லேசானவை வேகமாக அதிரும். ஆகவே பழைய ஃபோனான் கதைப்படியே அது மிக உயர்ந்த உஷ்ணத்தில் மீக்கடத்தவேண்டும் என்பது அவர் வாதம். 2004இல் ஹைட்ரஜன் மிகுந்த கலவைகளைப் பற்றி அதே யோசனையை விரித்து எழுதினார். அப்போதும் தலைப்பில் கேள்விக்குறி. முப்பத்தாறு வருஷம் ஒரு கேள்வியைக் கேள்வியாகவே வைத்திருப்பதற்குத் தைரியம் வேண்டும். இது விடை தெரியாதவன், தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போட்ட கேள்விக்குறி.

விடை 2015இல் வந்தது. மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் ட்ரோஸ்டோவ், எரெமெட்ஸ் முதலானோர் இரண்டு வைரங்களுக்கிடையே ஹைட்ரஜன் ஸல்ஃபைடை வைத்துக் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 15 லட்சம் மடங்கு நசுக்கினார்கள். 203 கெல்வினில் தடை மறைந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிதான்! முந்தின வருஷமே சீனத்துச் சித்தாந்திகள் ஏறக்குறைய இந்த எண்ணைக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த சகோதரனை வைத்தால் எண் இறங்கியது. பழைய துப்பு வேலை செய்தது. கிழட்டுக் கதை என்று ஒதுக்கப்பட்ட எலெக்ட்ரான்-ஃபோனான் கதை, தாமிர ஆக்ஸைடுகளையெல்லாம் தாண்டிக்கொண்டு போய்விட்டது. 30 கெல்வின் எல்லை எங்கே, 203 எங்கே! இவ்வளவு பெரிய செய்திக்கு அவர்கள் வைத்த தலைப்பின் முதல் சொல் என்ன தெரியுமா? ‘வழக்கமான’. உயர்ந்த அழுத்தத்தில் 203 கெல்வினில் ‘வழக்கமான’ மீக்கடத்தல். எனக்குத் தெரிந்து எந்த நாவலாசிரியனுக்கும் இந்தத் துணிச்சல் வராது. தன் சாதனையை வழக்கமானது என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தச் சொல்லில்தான் சாதனை முழுதும் இருக்கிறது. புதிதாக எதையும் கற்பனை செய்யவேண்டியதில்லை, பழைய காரணமே இவ்வளவு தூரம் வரும் என்பதுதான் அவர்கள் கண்டது. சொல் விஷயத்தின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட்டிருக்கிறது.

இவற்றுக்குப் பக்கத்தில் 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரையின் தலைப்பை வைத்துப் பாருங்கள். அறை உஷ்ணத்தில், சாதாரண அழுத்தத்தில் வேலை செய்யும் ‘முதல்’ மீக்கடத்தி என்றது அது. ‘சாத்தியமான’ என்ற சொல் பொருளைப் பற்றியது. ‘வழக்கமான’ என்பது காரணத்தைப் பற்றியது. ‘முதல்’ என்பது பொருளைப் பற்றியதுமல்ல, காரணத்தைப் பற்றியதுமல்ல, எழுதினவர்களைப் பற்றியது. ஈயமும் தாமிரமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தப் பொருளை உலகமெங்கும் சூளையில் வைத்துச் செய்துபார்த்தார்கள். டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையும் செய்துபார்த்தது. மீக்கடத்தல் தட்டுப்படவில்லை. தடை திடீரென்று விழுந்த இடம் சுமார் 104 டிகிரி. கலப்படமாகத் தங்கியிருந்த தாமிர ஸல்ஃபைடு அந்த உஷ்ணத்தில்தான் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். ஆகஸ்டு முடிவதற்குள் கதை முடிந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சாட்சிக்குரிய சொல்லை எழுதினார்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லை ‘சாத்தியம்’ என்று மாற்றியிருந்தால் கட்டுரை இன்றும் மானத்தோடு நின்றிருக்கும்.

அந்த ஆகஸ்டில் நான் படித்த தமிழ்ச் செய்திகளில் முக்கால்வாசி ஆச்சரியக்குறியோடு இருந்தன. மறுப்பு வந்தபோது அதே இடம் அதற்குக் கிடைக்கவில்லை. இது பத்திரிகைக்காரர்கள் மாத்திரம் செய்கிற குற்றமல்ல. முடிவில்லாத கதையை வாசகன் சகிக்கமாட்டான் என்ற அவநம்பிக்கை எழுதுகிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கட்டுரையையும் மங்களம் பாடித்தான் முடிப்பார்கள். முல்லர் கதையைச் சொல்லும்போது இந்தப் பழக்கம் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒரு சாரார், அவர் எண்ணம் இன்று பெரும்பான்மைக்கு ஒத்துவராததால், அந்த எண்ணத்தையே கதையிலிருந்து நீக்கி, ஏதோ தற்செயலாக அகப்பட்டது போலச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், பொருள் கிடைத்துவிட்டதால் எண்ணமும் நிரூபணமாகிவிட்டது என்று முடிக்கிறார்கள். இரண்டும் கதைப்பின்னலில் தவறு. ஒரு எண்ணம் வழிகாட்டிற்று என்பதாலேயே அது மெய்யாகிவிடாது. அது மெய்ப்படவில்லை என்பதற்காக அது வழிகாட்டினதை மறைக்கவும் கூடாது. முல்லர் தம் எண்ணத்தைக் கடைசிவரை விடவில்லை. 2023 ஜனவரியில், 95 வயதில், கேள்வி தீராமலே காலமானார். இதைவிட நல்ல நாவல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது என்றோ, எதிர்ப்பக்கம் தீர்ந்தது என்றோ எழுதிவிட்டால் நாவல் செத்துப்போகும்.

மெத்தை உவமையால் நஷ்டம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான். ஜோடி சேருவது என்றால் குழியில் உருண்டு விழுவது என்றே மனத்தில் பதிந்துபோன வாசகனுக்கு, தாமிர ஆக்ஸைடுகளில் என்ன சங்கடம் என்பது புரியவே புரியாது. அங்கே ஜோடி மிகச் சின்னது. இருவருக்கும் இடையே சில அணுக்கள்தான். ஒருவர் வெகுதூரம் போன பிறகு மற்றவர் வருகிற அந்தத் தாமதத்துக்கு இடம் குறுகிவிடுகிறது. விரட்டலைத் தப்பிக்கும் வழியும் குறுகுகிறது. அதனால்தான் ஃபோனான் மட்டும் போதுமா என்ற கேள்வியே எழுகிறது. தாமதத்தை முன்பே சொல்லாதவன் இந்தக் கேள்வியைச் சொல்லமுடியாது. சொல்லமுடியாததால் ‘விஞ்ஞானிகளுக்கே புரியவில்லை’ என்று மர்மமாக்கி முடித்துவிடுகிறான். முதல் அத்தியாயத்தில் செய்த சோம்பேறித்தனத்துக்குக் கடைசி அத்தியாயம் விலை கொடுக்கிறது.

தமிழில் இதை எழுதச் சொல் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். தெரிந்ததையும், தெரிந்திருக்கக்கூடியதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே காட்ட நம் பாஷையில் இருக்கிற வசதி கொஞ்சமல்ல. ‘ஆகிறது’ என்று ஒன்று. ‘ஆகலாம்’, ‘ஆகக்கூடும்’ என்று ஒன்று. ‘ஆகுமாம்’ என்று ஒன்று. ‘போலும்’ என்று இன்னொன்று. நம் வீட்டுப் பாட்டிமார் ஊர்வம்பு பேசும்போதுகூட இந்த வித்தியாசத்தைத் தப்பவிடமாட்டார்கள். தான் பார்த்ததற்கு ‘வந்தான்’ என்பார்கள். கேள்விப்பட்டதற்கு ‘வந்தானாம்’ என்பார்கள். அந்த ‘ஆம்’ ஒன்றில் சாட்சி யாருடையது என்பது அடங்கிவிடுகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானம் எழுத உட்காருகிற நாம், எல்லாவற்றையும் ‘ஆகிறது’, ‘ஆகிவிட்டது’ என்று ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். 1986ஆம் வருஷத்துத் தலைப்பைத் தமிழில் பெயர்க்கிறவர்கள் இனியாவது அதன் முதல் சொல்லை விட்டுவிடாமல் பெயர்க்கட்டும். மற்றச் சொற்களில் ஒன்றிரண்டு தப்பினால்கூடப் பாதகமில்லை.